தீர்ப்பு சொல்லாமலிருக்க 40 மணி நேரம்

என் தாய்மாமா சேலத்தில் சிவில் வக்கீல். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, கிரய ஒப்பந்தம், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு என்று 25 வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். சுமார் 10 வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி லீவில் நான் பெங்களூரிலிருந்து போயிருந்தபோது, கூடத்தில் டீப்பாயை நடுவில் இழுத்துப்போட்டு என்னை ஒரு பக்கமும் அத்தையை எதிர்ப்பக்கமும் உட்காரவைத்தார். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

"மாப்ள, நீ குடித்தனக்காரன். உங்க அத்தை வீட்டு ஓனர். உன் தாள்ல இருக்கறத அவகிட்ட காட்டிராத."

நீதிமன்றத்தின் சமரசர் பட்டியலில் சேர்வதற்கான 40 மணி நேரப் பயிற்சியை முடித்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். வீட்டில் ஒத்திகை. எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "வணக்கம். நான் நீதிபதி இல்லை. இங்க நான் யாருக்கும் தீர்ப்பு சொல்ல மாட்டேன். நீங்க பேசறது இந்த ரூமை விட்டு வெளிய போகாது" என்று ஆரம்பித்தார். அத்தையை சமையலறைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். என் தாளில் இருந்தபடி, பொண்ணுக்குப் பரீட்சை, மார்ச் வரைக்கும் இருந்தால் போதும், ஆனால் அதை ஓனரிடம் சொல்ல இஷ்டமில்லை என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அத்தை திரும்பி வந்து உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம், "இந்தாம்மா, அவரு மார்ச்சோட போயிர்றாரு, அட்வான்ஸ்ல பாதிய இப்பவே கொடுத்துரு, முடிஞ்சுது" என்றார்.

அத்தை சிரித்தார். "தீர்ப்பு சொல்ல மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மாமா நிஜமாகவே நொந்துபோனார். பயிற்சியிலும் இதேதான் நடந்ததாம். முதல் நாள் ஒத்திகையில் அவர் 10 நிமிஷத்தில் வழக்கை முடித்துவிட, பயிற்றுநர், தீர்ப்பை டைப் அடிக்கச் சொல்லிவிடலாமா சார் என்று கேட்டிருக்கிறார். "ஜெயிக்கறதுக்குக் கத்துக்க எனக்கு 25 வருஷம் ஆச்சு. சும்மா உக்காந்து கேக்கறதுக்கு 5 நாளுல எப்படிடா வரும்?" என்றார். அந்தக் கேள்வியின் பின்னால்தான் நான் போனேன். கொஞ்சம் சுயநலமும் உண்டு. அப்போது எங்கள் வீட்டிலேயே ஒரு வழக்கு 16 வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

இந்த மாதிரி விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் உடனே யாராவது, இதெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதான், ஆலமரம், சொம்பு, பஞ்சாயத்து என்பார்கள். 200 வருஷத்துக்கு முன் ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் அப்படித்தான் நினைத்தார். தாமஸ் மன்றோ. சென்னையில் அண்ணா சாலை தொடங்கும் இடத்தில் குதிரைமேல் இருப்பவர். கவர்னராவதற்கு வெகுகாலம் முன்பு, 1792 முதல் 1799 வரை, அவர் எங்கள் பக்கம்தான் இருந்தார். அன்று பாராமகால் எனப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரத்தில் அலெக்சாண்டர் ரீடின் கீழ் வரி நிர்ணயம் செய்த உதவி அதிகாரி.

பிறகு கம்பெனி, வங்காளத்தில் வைத்த மாதிரியே மதராஸ் மாகாணத்திலும் ஜில்லா கோர்ட்டுகளை வைத்தது. வழக்குகள் குவிந்தன. மன்றோ 1814இல் நீதித்துறையைச் சீரமைக்கும் ஆணையத்தின் தலைவராகத் திரும்பி வந்தார். 1816இல் வரிசையாகச் சட்டங்கள் வந்தன. ஊர்த் தலைவர்களே சிறு வழக்குகளை விசாரிக்கும் கிராம முன்சீப்புகள் ஆனார்கள். இரு தரப்பும் சம்மதித்தால் வழக்கைப் பஞ்சாயத்தாரிடம் விடலாம் என்றும் வழி செய்யப்பட்டது. நீதிமன்றத்தின் அங்கீகாரத்தோடு வெளியாள் ஒருவர் தகராறைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் நம் சட்டத்தில் அழுத்தமாக எழுதப்பட்ட ஆரம்ப இடங்களில் இது ஒன்று.

ஆனால் ஜனங்கள் அந்தப் பஞ்சாயத்துகளைப் பெரிதாகச் சீண்டவில்லை. மன்றோ எதிர்பார்த்த கூட்டம் வரவேயில்லை. எனக்குத் தோன்றும் காரணம் எளியது. கோர்ட் என்று ஒன்று வந்துவிட்ட பிறகு, தாமதத்தால் லாபமடையும் தரப்பு பஞ்சாயத்துக்கு ஏன் சம்மதிக்க வேண்டும்? இன்னொன்றும் உண்டு. பஞ்சாயத்தாரின் பேச்சு எடுபட்டதற்குக் காரணம் அவருடைய ஞானம் மட்டுமில்லை. நிலம், சாதி, ஊரில் அவருக்கு இருந்த பிடி. அவர் சொன்னதைக் கேட்காவிட்டால் ஊரில் தண்ணீர் கிடைக்காது. திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் கீழே நின்றார்கள் என்பதை மறந்துவிட்டு பஞ்சாயத்தைப் புகழ முடியாது. அந்தப் பிடியைக் கழற்றிவிட்டு, கம்பெனியின் விதிமுறைகளைக் கையில் கொடுத்தால், மிஞ்சுவது வெறும் நாற்காலி. பிடி மட்டும் போய் வேறு கைகளில் சேர்ந்ததைத்தான் இன்று கட்டப் பஞ்சாயத்து என்கிறோம்.

நாட்டாமை தீர்ப்பு சொல்பவர். மாமா கற்றுக்கொள்ளப் போனது நேரெதிரான வேலை. அவருக்கு அந்த அறையில் எந்த அதிகாரமும் கிடையாது. அதனால்தான் பயிற்சி தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். அதிகாரம் இருப்பவர் கேட்கப் பழகவேண்டிய அவசியம் என்ன?

*

நவீன வடிவத்துக்கு ஒரு தேதி சொல்லவேண்டுமென்றால் பலரும் 1976 ஏப்ரலைச் சொல்வார்கள். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரத்தில் நடந்த ஒரு மாநாட்டில், ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர் ஃப்ராங்க் சாண்டர், எல்லாத் தகராறுக்கும் ஏன் ஒரே கதவு என்று கேட்டார். நீதிமன்றக் கட்டடத்துக்குள் வருபவரை, அவருடைய பிரச்சினையின் தன்மையைப் பார்த்து வழக்கு விசாரணைக்கோ, நடுவரிடமோ, மத்தியஸ்தரிடமோ அனுப்பலாம். பல கதவுகள் கொண்ட நீதிமன்றம் என்று பிற்பாடு பெயர் பெற்ற யோசனை. ஐந்து வருஷம் கழித்து, அதே ஹார்வர்டிலிருந்து ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் பேரம் பேசுவதைப் பற்றி எழுதிய புத்தகம் வந்தது. ஒருவர் என்ன கேட்கிறார் என்பதும், அதை ஏன் கேட்கிறார் என்பதும் வேறுவேறு என்பது அதன் மையம். ஒரு ஆரஞ்சுக்குச் சண்டைபோடும் இரண்டு பேர் கதையை நீங்கள் எங்காவது மேனேஜ்மென்ட் டிரெயினிங்கில் கேட்டிருப்பீர்கள். ஒருவருக்கு வேண்டியது சுளை, இன்னொருவருக்குத் தோல். நான் ஆபீசில் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மாமா கோர்ட்டில் ஒரு தடவை.

இந்தியாவுக்கு இது வந்த வழி, எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ரசிக்கத்தக்கது.

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 89 என்ற எண்ணில் ஒரு பிரிவு இருந்தது. 1940இல் அதை நீக்கிவிட்டார்கள். எண் காலியாகக் கிடந்தது. 1999இல் நாடாளுமன்றம் அந்தக் காலி இடத்தில் புதிதாக ஒன்றைச் செருகியது. சமரசத்துக்கு வாய்ப்பிருக்கிறது என்று தோன்றினால் நீதிமன்றமே வழக்கை வெளியே அனுப்பலாம். வழிகள்: நடுவர் தீர்ப்பு, இணக்கம், லோக் அதாலத் உள்ளிட்ட நீதிமன்றத் தீர்வு, மத்தியஸ்தம். 2002 ஜூலை 1 முதல் அமல்.

அதில் ஒரு பக் இருந்தது. ஒன்றில்லை, இரண்டு.

முதலாவது: நீதிமன்றத் தீர்வு என்றால் தகுந்த நிறுவனத்திடமோ நபரிடமோ அனுப்பவேண்டும், மத்தியஸ்தம் என்றால் நீதிமன்றமே சமரசம் செய்துவைக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. இரண்டு பெயர்களும் இடம் மாறிவிட்டன. மத்தியஸ்தத்தைத்தான் வெளியாளிடம் அனுப்பவேண்டும்; நீதிமன்றத் தீர்வில்தான் நீதிபதி உட்கார்ந்து பேசவேண்டும். இரண்டு வேரியபிள்களின் பெயர் மாறி, அப்படியே புரொடக்ஷனுக்குப் போனது மாதிரி.

இரண்டாவது இன்னும் அழகு. வழக்கை வெளியே அனுப்புவதற்கு முன் நீதிபதியே சமரசத்தின் நிபந்தனைகளை வகுத்து, இரு தரப்புக்கும் கொடுத்து, அவர்கள் கருத்தைக் கேட்டு, திருத்தி எழுதி, அதற்குப் பிறகு அனுப்பவேண்டும் என்றது சட்டம். அவ்வளவையும் நீதிபதியே செய்துவிட்டால் வெளியாளுக்கு என்ன வேலை? அந்த வாசகம் 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் இணக்கச் சட்டத்தின் 73ஆம் பிரிவிலிருந்து எடுத்தது. அங்கே அது இணக்கப் பேச்சின் கடைசிப் படி. இங்கே முதல் படியாக வந்து ஒட்டிக்கொண்டது. காப்பி-பேஸ்ட்.

2010 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகப் பிரித்து மேய்ந்தது. அஃப்கான்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் எதிர் செரியன் வர்க்கி கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கு. கொச்சித் துறைமுகக் கட்டுமான வேலை சம்பந்தப்பட்டது. நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு, எழுதியபடியே அமல்படுத்தினால் இந்தப் பிரிவு விசாரணை நீதிபதிக்குக் கெட்ட கனவு என்றது. இரண்டு சொற்களையும் இடம் மாற்றி வாசித்துக்கொள்ளச் சொன்னது. ஒருவருடைய சம்மதமில்லாமல் அவரை நடுவர் தீர்ப்புக்கு அனுப்ப முடியாது, மத்தியஸ்தத்துக்கு அனுப்பலாம் என்றும் தெளிவாக்கியது. காரணம் உண்டு. நடுவர் தீர்ப்பு உங்களைக் கட்டும். மத்தியஸ்தர் எதையும் கட்ட முடியாது. பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் 89ஆம் பிரிவையே புதிதாக எழுதியது.

ஆக, இந்தியாவில் நீதிமன்றச் சமரசம் ஆரம்பித்து வேரூன்றிய வருஷங்கள் முழுக்க அது நின்றது ஒரு தப்பான வாக்கியத்தின்மேல். யாரும் கவலைப்படவில்லை. என்ன சொல்லவந்தார்கள் என்று எல்லாருக்கும் புரிந்திருந்தது. என் தொழிலில் கம்ப்யூட்டர் அப்படிப் பெரிய மனசு பண்ணாது.

*

1999, 2002 திருத்தங்களை வக்கீல்கள் விரும்பவில்லை. 2000இல் தில்லியில் தெருவில் இறங்கினார்கள். எதிருரை தாக்கல் செய்ய 30 நாள், மிஞ்சினால் 90 நாள் என்ற கெடு, சாட்சியின் முதல் விசாரணையைப் பிரமாணப் பத்திரமாகவே கொடுப்பது, மேல்முறையீட்டில் வந்த கட்டுப்பாடு, எல்லாமே தொழிலின் அன்றாடத்தைத் தொட்டன. திருத்தங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஒரு சங்கம், சேலம் வழக்கறிஞர் சங்கம்.

2002 அக்டோபர் 25 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தங்கள் செல்லும் என்றது. ஆனால் 89ஆம் பிரிவை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பது யாருக்கும் தெரியாத நிலையில், அதற்கு வழி சொல்ல ஒரு குழுவை அமைக்கச் செய்தது. தலைவர், அப்போது சட்ட ஆணையத்தின் தலைவராக இருந்த நீதிபதி எம். ஜகந்நாத ராவ். அந்தக் குழு மாதிரி விதிகளை எழுதியது. 2005 ஆகஸ்ட் 2 அன்று வந்த இரண்டாவது தீர்ப்பில் நீதிமன்றம் அவற்றை ஏற்று, உயர் நீதிமன்றங்கள் அதன்படி விதிகள் செய்துகொள்ளலாம் என்றது. யார் மத்தியஸ்தராகலாம் (ஓய்வுபெற்ற நீதிபதி, 15 வருஷ அனுபவமுள்ள வக்கீல், அதேயளவு அனுபவமுள்ள வேறு துறை வல்லுநர்), என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்பதெல்லாம் அந்த விதிகளில்தான் உருவம் பெற்றன.

இந்தியாவில் சிவில் சமரசத்தின் அடிப்படை என்று எந்தச் சட்டப் புத்தகத்தைத் திறந்தாலும் வரும் வழக்கின் பெயர், எதிர்க்கப்போன ஊரின் பெயர். சேலம் வழக்கறிஞர் சங்கம் எதிர் இந்திய ஒன்றியம். மன்றோ பஞ்சாயத்தைப் பார்த்துப் பழகிய அதே வட்டாரம் என்பது தற்செயல்தான், அதில் நான் எதையும் ஏற்றிப் பார்க்க விரும்பவில்லை. ஆனால் மாமாவிடம் சொன்னபோது, "வேண்டாம்னு கேஸ் போட்டோம். அதுவே எங்க பேருல வந்து நின்னுச்சு. இதுக்குத்தான் கேஸே போடக்கூடாதுங்கறது" என்றார்.

இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே, 2005 ஏப்ரல் 9 அன்று, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச மையத்தை அன்றைய தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டி திறந்துவைத்தார். அகமதாபாத்தில் அதற்கு முன்பே அமெரிக்கப் பயிற்றுநர்கள் வந்து வக்கீல்களுக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். 2002இல் வக்கீல்களின் முயற்சியில் அங்கே ஒரு மையமும் வந்திருந்தது. ஆனால் நீதிமன்றத்தோடு இணைந்த மையம் என்றால் இந்தியாவில் சென்னைதான் முதல். அதை உருவாக்கியதில் மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவின் பங்கு பெரிது. தில்லியும் பெங்களூரும் பின்னால் வந்தன. உச்ச நீதிமன்றத்தின் மத்தியஸ்தக் குழு, நாடெங்கும் ஒரே அளவுகோலாக 40 மணி நேரப் பயிற்சி, பிறகு 10 நிஜ வழக்குகள் என்று வைத்தது.

தமிழில் இதற்குச் சமரசம் என்று பெயர் வைத்தது யாரோ, நல்ல துணிச்சல். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் இரண்டு முகம். வள்ளலார் 1872இல் தன் சங்கத்துக்கு வைத்த பெயரில் அது எல்லா பேதமும் அடங்கிய உயர்ந்த நிலை. இன்றைய பேச்சில் "சமரசம் பண்ணிக்கிட்டான்" என்றால் விலைபோய்விட்டான். மையத்துக்கு வரும் வாதிக்கு இரண்டாவது அர்த்தம்தான் காதில் விழும்.

*

40 மணி நேரத்தில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

மாமாவின் நோட்டைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் ஒத்திகை. எப்படி உட்காரவைப்பது, முதலில் யாரைப் பேசவிடுவது, இரு தரப்பையும் சேர்த்து எப்போது பேசுவது, தனித்தனியாக எப்போது பிரிப்பது. திட்டாகச் சொன்னதைத் திட்டில்லாமல் திருப்பிச் சொல்வது: "அவன் என் தம்பியே இல்ல" என்று ஒருவர் சொன்னால், "உங்களுக்குள்ள பேச்சு நின்னுபோனது உங்களுக்கு வருத்தமா இருக்கு" என்று சொல்லவேண்டும். இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது. சொல்லிப் பாருங்கள், நாடக வசனம் மாதிரி இருக்கும்; நாடகம் மாதிரி இல்லாமல் சொல்லத்தான் பயிற்சி. சமரசம் ஆகாவிட்டால் உங்களுக்கு இருக்கும் அடுத்த நல்ல வழி என்ன, படுமோசமாகப் போனால் என்ன ஆகும் என்று கேட்பது. மாமாவுக்கு இது மட்டும் கைவந்த கலை. கட்சிக்காரர்களிடம் 25 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். ஆனால் பதிலை அவரே சொல்லிவிடுவார்.

அவருக்கு வராமல் போனது மௌனம். ஒருவர் பேசி முடித்த பிறகு சில விநாடி சும்மா இருக்கவேண்டும், பெரும்பாலும் முக்கியமான விஷயம் அந்த இடைவெளிக்கு அப்புறம்தான் வரும் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். கோர்ட்டில் வக்கீல் இரண்டு விநாடி சும்மா இருந்தால் எதிர்த்தரப்பு உள்ளே புகுந்துவிடும். அந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் இதைக் கற்கவேண்டியிருந்தது.

இன்னொரு பாடம், எதையும் விட்டுவைக்காமலிருப்பது. மத்தியஸ்த நடவடிக்கைகளை ஒலியாகவோ காட்சியாகவோ சுருக்கெழுத்தாகவோ பதிவுசெய்யக்கூடாது என்பது மாதிரி விதிகளிலேயே இருக்கிறது. அங்கே பேசியதைப் பிறகு கோர்ட்டில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மோத்தி ராம் எதிர் அசோக் குமார் வழக்கில், சமரசம் ஆகாவிட்டால் மத்தியஸ்தர் ஒரே வரி எழுதினால் போதும், ஆகவில்லை என்று; யார் என்ன சொன்னார், யார் மறுத்தார் என்பதெல்லாம் வரக்கூடாது என்றது. அயோத்தி வழக்கில் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மூன்று பேரை நியமித்தது: முன்னாள் நீதிபதி கலிஃபுல்லா, ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர், ஸ்ரீராம் பஞ்சு. மூவரும் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள். பல மாதம் பேசினார்கள். தீர்வு வரவில்லை, ஆகஸ்டில் விசாரணை தொடங்கியது, நவம்பர் 9இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு 1,000 பக்கத்துக்கு மேல். பேச்சுவார்த்தை நடந்த அறையிலிருந்து பொதுவெளிக்கு அப்படி ஒரு ஆவணம் கிடையாது.

இந்தக் கட்டுரைக்காக வாசித்தபோது என்னை நிறுத்தியது இதுதான். நீதிமன்றங்களின் வரலாறு தீர்ப்புகளிலிருந்து எழுதப்படுகிறது. மன்றோவின் சட்டங்கள் இருக்கின்றன, சேலம் வழக்கு இருக்கிறது, 89ஆம் பிரிவின் பிழைகூடப் பத்திரமாக இருக்கிறது. ஆனால் சமரசம் ஆன ஒவ்வொரு வழக்கிலும் அதைத் தீர்த்த பேச்சு மட்டும் இல்லை. மாமா ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் தன் குறிப்புத் தாள்களை நான்காகக் கிழித்து, பையில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் மறுபடியும் கிழிப்பார்.

*

எங்கள் வழக்குக்கு வருகிறேன். இதில் நான் எழுதுவது கோர்ட் கட்டில் இருப்பது மட்டும். கட்டைப் பார்க்க உரிமையுள்ள யாரும் பார்க்கலாம்.

அப்பா வாதி, பெரியப்பா பிரதிவாதி. 1998இல் பாகப்பிரிவினைக்குப் போட்ட வழக்கு. மூன்று ஏக்கர் சொச்சம், ஒரு கிணறு, ஒரு ஓட்டு வீடு. அப்பா அரசு அலுவலகத்தில் வேலைபார்த்தவர். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் கிணற்றில் பாதி வேண்டும் என்பதில் அப்படி ஒரு பிடிவாதம். எங்கள் யாருக்கும் அது புரியவில்லை. அம்மா, "தண்ணிய டவுனுக்கு பக்கெட்ல கொண்டாரப் போறீங்களா?" என்று கேட்பார். மாமா இந்த வழக்கை எடுக்கவில்லை. மச்சான் வழக்கை எடுத்தால் மச்சானும் போவான் வழக்கும் போகும் என்பது அவர் கொள்கை.

காலேஜில் படிக்கும்போது கட்டை ஒரு தடவை புரட்டினேன். பெரியப்பா தரப்பின் எதிருரையில் ஏழாவது பத்தி. வாதி குடும்பச் சொத்தின் வருமானத்தில் படித்து அரசு உத்தியோகம் பெற்றுவிட்டபடியால் அவருடைய பங்கு அந்தப் படிப்புச் செலவிலேயே தீர்ந்துவிட்டது என்றும், தாயாரைக் கடைசிக்காலத்தில் வாதி கவனித்ததே இல்லை என்றும் இருந்தது. வக்கீல் ஆபீசில் வழக்கமாக எழுதுவது. மாமாவைக் கேட்டால், நானே அந்த மாதிரி நூறு எழுதியிருப்பேன் என்பார். கீழே பெரியப்பாவின் கையெழுத்து. அப்பாவுக்கு அந்தப் பத்தி மனப்பாடம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சம்பந்தமே இல்லாமல் சொல்வார்: "கவனித்ததே இல்லை."

பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி இரண்டு மாசமும் ராத்திரி பெஞ்சில் படுத்திருந்தது அப்பா. அதைச் சொல்ல வழக்கில் இடமில்லை. ஒரு நீதிபதி மூன்று ஏக்கரைப் பிரிக்கலாம், கிணற்றுக்கு முறை வைக்கலாம். ஏழாவது பத்தி நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லலாம், அல்லது பங்கை முடிவுசெய்ய அது தேவையில்லை என்று தாண்டிப் போகலாம். இரண்டாவதுதான் நடக்கும். அது தப்பும் இல்லை.

வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பினார்கள். மத்தியஸ்தர் ஒரு பெண் வக்கீல். மாமாவுக்கு அந்த அறையில் வேலை இல்லை. பட்டியலில் இருந்தாலும் சொந்தக்காரர் வழக்கைத் தொடமுடியாது. மூன்று அமர்வு. முதல் இரண்டுக்கும் அப்பா போய்விட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது நாள் கூட்டிவர நான் போயிருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தபோது பெரியப்பா முன்னால் நடந்தார், அப்பா நாலடி பின்னால். வாசலில் டீக்கடையில் பெரியப்பா நின்றார். நாலு டீ சொன்னார். மூன்று பேர்தான் இருந்தோம். அந்த நாலாவது டீயை யார் குடித்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று அப்பாவை நான் கேட்டேன். மாமாவும் கேட்டார். "பேசினோம்" என்றார். அவ்வளவுதான் இதுவரை. பாதுகாக்கப்பட்ட ரகசியம் என்பதை இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கும் இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. 17 வருஷ வழக்கு, முடிந்த விதம் எனக்குத் தெரியவேண்டாமா?

சமரச ஒப்பந்தம் நாலு பக்கம். அதன்படியே டிகிரி. சர்வே எண்கள், நான்கெல்லை, வண்டித் தடம். கிணற்றில் வாரத்துக்கு 4 நாள் பெரியப்பாவுக்கு, 3 நாள் அப்பாவுக்கு. மோட்டார் ரிப்பேர் செலவு சரிபாதி. கட்டிய கோர்ட் கட்டணம் வாதிக்குத் திரும்ப. பாகப்பிரிவினை வழக்கில் அது ஒன்றும் பெரிய தொகையில்லை. வக்கீலுக்குக் கொடுத்ததை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். ஏழாவது பத்தியைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல் இல்லை. எதிருரை எதிருரையாகவே கட்டில் இருக்கிறது. நாளைக்கு யாராவது எங்கள் குடும்பத்தின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுத வந்தால், என் அப்பா தன் தாயைக் கவனிக்காத மகன். மறுப்பு எதுவும் கிடைக்காது.

அப்பா இன்னும் தோட்டத்துக்கு வெள்ளாமை பார்க்கப் போனதில்லை. அவருடைய முறை திங்கள், செவ்வாய், புதன். திங்கட்கிழமை காலையில் 7 மணி வாக்கில் போன் வரும். பெரியப்பா மகன். "சித்தப்பா, இன்னிக்கி உங்க முறை. நான் தண்ணி விட்டுக்கட்டுங்களா?"

"விட்டுக்க கண்ணு" என்பார் அப்பா. பிறகு மழை உண்டா, மோட்டார் எப்படி ஓடுது, அண்ணன் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு வைப்பார். அடுத்த திங்கட்கிழமை அவன் மறுபடியும் கேட்பான்.